பாதித் தாளை வைத்துக்கொண்டு முழுக் குற்றம் சொல்லலாமா?

குடியாத்தம் பக்கத்து ஊராட்சி ஒன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊர் ஏரியைத் தூர்வாரிய கணக்கைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு மதிப்பீட்டின் நகலும் இரண்டு ரசீதுகளும் வந்தன; செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் வரவில்லை. "கணக்கை மறைக்கிறார்கள், செயலர் தின்றுவிட்டார்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, ஊராட்சிச் செயலரின் படத்தையும் சேர்த்துப் போட்டார். அன்றிலிருந்து ஊர் இரண்டாக நிற்கிறது. "அரசாங்கத்தைக் கேட்பது என் உரிமை. பெரியவர்கள் நான் செய்தது அறமில்லை என்கிறார்கள். அரசின் வெளிப்படைத்தன்மையைப் பற்றி ஒருவர் பேசியது நியாயமா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?" இதுதான் கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணக்குக் கேட்டது சரி. பாதிதான் வந்தது என்று ஊரறியச் சொன்னதும் சரி. 'மறைக்கிறார்கள்' என்றது அவசரம். 'தின்றுவிட்டார்' என்றது தவறு. படத்தைப் போட்டது அதைவிடப் பெரிய தவறு. ஒரே பதிவில் இத்தனையும் சேர்ந்து கிடப்பதால்தான் சரியானதைச் சரி என்று சொல்லவும் ஆளில்லாமல் போய்விட்டது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. ஓய்வு பெற்ற பிறகு, மனு எழுதத் தெரியாதவர்களுக்குத் தகவல் கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

தணிக்கைக்குப் போகும்போது நாங்கள் முதலில் செய்கிற காரியம் ஒரு வெள்ளைத் தாளை நெடுக்கில் நடுவாக மடிப்பது. மடிப்புக்கு இடது பக்கம் கேள்வியை எழுதுவோம்: "இன்ன எண் வவுச்சரில் ஜல்லி வாங்கியதாக உள்ளது. இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்படவில்லை. விளக்கம் தேவை." வலது பக்கம் வெறுமையாக இருக்கும். அது அலுவலகம் பதில் எழுத வேண்டிய இடம். 'ஆஃப் மார்ஜின்' என்று சொல்வோம். பதில் வந்து, அதையும் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி தணிக்கைத் தடையாக, அதாவது ஆட்சேபமாக, அறிக்கையில் ஏறும். இல்லையென்றால் அங்கேயே முடிந்துபோகும். சேர்ந்த புதிதில் எனக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது. சந்தேகப்பட்ட வவுச்சர்களில் பலவற்றுக்கு வலது பக்கத்தில் ஒழுங்கான பதில் வந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வெற்றிடத்தின் மதிப்பு புரிந்தது. ஜல்லி வேறு பணிக்கு மாற்றப்பட்டிருக்கும், பதிவேடு இரண்டாவதாக ஒன்று இருக்கும், கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கும். பதிலே வராதவையும் உண்டு. பொய்யான பதில் வந்தவையும் உண்டு. அவற்றை நாங்கள் விட்டதில்லை. பணத்தைத் திருப்பிக் கட்ட வைத்தோம், ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுதினோம். வலது பாதியை வெறுமையாக விட்டதால் எங்கள் கேள்வியின் கடுமை குறைந்ததே இல்லை. பதில் சொல்ல இடம் கொடுத்தும் அவரால் சொல்ல முடியவில்லை என்பதுதான் கடைசியில் அவருக்கு எதிராக நின்ற பெரிய சாட்சி.

அரசைப் பற்றிப் பொதுவில் பேசுகிறவரை எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். அவருடைய பேச்சில் வலது பாதி இருக்கிறதா?

சட்டம் உங்களுக்கு இதைவிடத் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. அதையும் சொல்லாமல் இருப்பது சரியில்லை. பெரியவர்கள் உங்களை அடக்கப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டும். 1975-லேயே, ராஜ் நாராயண் வழக்கில், பொது ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைக்கு என்று சட்டம் இயற்றியது தமிழ்நாடுதான், 1997-ல். விலக்குகள் மிகுந்த சட்டம் அது, ஆனாலும் முதல் சட்டம். 2005-ல் வந்த மத்தியச் சட்டத்தின் 6-வது பிரிவு, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. பத்து ரூபாய் கட்டினால் போதும்.

பேசுவதற்கான உரிமையைப் பற்றி நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு ஒன்று இருக்கிறது. ஆட்டோ சங்கர் என்ற மரண தண்டனைக் கைதி எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தபோது சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. அதில் அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அரசும் உள்ளாட்சி அமைப்பும் அவதூறுக்கு நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. பொது ஊழியர் தம் பணி சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியதற்கு நட்ட ஈடு கேட்க வேண்டுமானால், எழுதியது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார் என்றும் காட்ட வேண்டும். எழுதியவர் தம்மால் இயன்ற அளவு சரிபார்த்துவிட்டு எழுதினேன் என்று காட்டினால் தப்பித்துவிடுவார். குற்றவியல் அவதூறு தனிக் கதை: அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவாக இருக்கிறது.

அந்த 1994 தீர்ப்பில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சரிபார்த்தல். நீங்கள் சரியாகச் சொன்னீர்களா என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. சொல்வதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று பார்க்கிறது. அறமும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் சட்டம் நிற்கிற இடத்தில் அறம் நின்றுவிடுவதில்லை. ஊராட்சி என்கிற அமைப்பு அவதூறுக்கு வழக்குப் போட முடியாது. அதற்கு மனம் நோகவும் நோகாது. செயலர் அப்படியில்லை. அவர் நாளை காலை அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும்.

இதை எங்கே கற்றேன் என்று சொல்கிறேன். ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் சிமென்ட் சாலை போட்டிருந்தார்கள். தெருமுனைப் பலகையில் பணியின் பெயர், ஆண்டு, 'மதிப்பீடு ரூ.5 லட்சம்' என்று எழுதியிருந்தது. இளைஞர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நாங்கள் நாடாவைப் பிடித்து அளந்தோம். பலகைத் தொகைக்கு இருக்க வேண்டிய நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. நானே துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். 5 லட்சம் செலவு, சாலை இவ்வளவுதான், மீதி எங்கே, செயலர் பதில் சொல்வாரா என்று எழுதினேன். முந்நூறு படி அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள்.

நான்காம் நாள் அந்தச் செயலர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். பட்டியல் தொகை, அதாவது வேலைக்குக் கொடுத்த பணம், மூன்று லட்சத்துச் சொச்சம். தெருவின் கடைசிப் பகுதியில் இடத் தகராறு இருந்ததால் பணியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மீதித் தொகை எடுக்கப்படவே இல்லை. அளவுப் புத்தகத்தில் நாங்கள் அளந்த அதே நீளம், உதவிப் பொறியாளரின் கையெழுத்தோடு இருந்தது. அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க கணக்குத் தெரிஞ்சவங்க. நீங்களே இப்டி எழுதலாமா? எம் பொண்ணோட ஸ்கூல்ல இத்த படிச்சிகீறாங்க சார்" என்றார்.

மதிப்பீடு வேறு, நிர்வாக அனுமதி வேறு, செலவு வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொன்ன அந்தப் பாடத்தை அந்த ஒரு நாள் நான் மறந்தேன். காரணம் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் அதற்கு முன் இரண்டு பணிகளில் முறைகேடு நடந்தது எனக்குத் தெரியும்; ஆகையால் இதுவும் அப்படித்தான் என்று மனம் முடிவு செய்துவிட்டது. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, நான் எழுதியது தவறு என்று படித்துக் காட்டினேன். அன்று கூடியிருந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். துண்டறிக்கை போனது முந்நூறு வீட்டுக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு நேராகவில்லை.

'நெருப்பில்லாமல் புகையாது' என்று நம் ஊரில் சொல்வார்கள். கணக்கு விஷயத்தில் இதைவிடக் கெடுதலான பழமொழி கிடையாது. அலுவலகக் கோப்பு புகைவதற்கு நெருப்பு வேண்டியதில்லை. சோம்பலும் தூசியும் போதும். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதும் இங்கே செல்லாது. ஒரே ஊராட்சியில் குடிநீர்க் கணக்கு பளிங்காக இருக்கும், தெருவிளக்குக் கணக்கு நாறும். ஒவ்வொரு பணியையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது 'மறைக்கிறார்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் பதிவில் சிக்கலான சொல் இதுதான். ஒரு தாள் வரவில்லை என்றால் அதற்குப் பல நிலைகள் உண்டு. தாள் அவர்களிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார்கள். இருக்கிறது, தேட மனமில்லை. வேறு அலுவலகத்தில் இருக்கிறது. அப்படி ஒரு தாளே எழுதப்படவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையில் பயங்கரமானது. அளவே எடுக்காமல் பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். ஆனால் நீங்கள் 'மறைக்கிறார்கள்' என்று எழுதியதும் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது. மறைக்கிறார்கள் என்றால் தாள் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

ஏரி விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்குமேல், அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கருக்குமேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். உங்கள் ஏரி எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்த்தீர்களா? பெரிய ஏரி என்றால் அளவுப் புத்தகம் செயலர் கையில் ஒருநாளும் இருந்திருக்காது. அப்போதும் அலுவலகத்தின் மேல் தவறு உண்டு. தன்னிடம் இல்லாத தகவலைக் கேட்ட மனுவை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். ஆனால் அது மாற்றி அனுப்பாத தவறு. தின்ற தவறு அல்ல.

பாதித் தகவல் தந்துவிட்டு மீதிக்குக் காரணம் சொல்லாமல் இருந்தால் அதுவே சட்ட மீறல்தான். மறுத்தால் என்ன காரணத்துக்காக மறுக்கிறோம், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதித் தர வேண்டும். மேல்முறையீட்டில், மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் பொதுத் தகவல் அலுவலர் தலையில்தான் இருக்கிறது. 19-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்த இடத்தில் நீங்கள் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். 'கேட்டேன், தரவில்லை, காரணமும் சொல்லவில்லை, இது சட்ட மீறல்' என்று எழுதினால் அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பதில் கடிதமே. தராததற்குக் காரணம் காட்ட வேண்டியது அவர். திருடினார் என்று காட்ட வேண்டியது நீங்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதியபோது உங்கள் பக்கம் இருந்த சட்டத்தை நீங்களே கீழே போட்டுவிட்டீர்கள்.

நம் மாவட்டத்தில் இதைப் பொறுமையாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து கிணறு கெட்டது, நிலம் கெட்டது என்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. புலம்பலை எடுத்துக்கொண்டு போகவில்லை, அளவை எடுத்துக்கொண்டு போனது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில்தான் உறுதியானது. பிறகு அமைத்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அதோடு முடிந்துவிடவில்லை, 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். அந்தத் தொட்டிக்கு யார் அனுமதி கொடுத்தது, யார் எப்போது பார்வையிட்டார்கள் என்பதெல்லாம் அதற்கு முன்பே எவரும் கேட்காமல் வெளியில் இருந்திருக்க வேண்டிய தகவல்கள். தகவல் சட்டத்தின் 4-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இதை எழுதும்போது எனக்கு அடக்கமான சொற்கள் வருவதில்லை. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பாலாற்றைப் பற்றிப் பேசுகிறவர்களில் சிலர் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. கண்காணிக்க வேண்டிய அலுவலகத்தின் மேலும், கழிவை விட்ட நிறுவனத்தின் மேலும் இருக்க வேண்டிய கோபம், பேச்சு வாக்கில் ஓர் ஊரின் மேலும் ஒரு சமூகத்தின் மேலும் திரும்பிவிடும். 'அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்' என்பார்கள். தோல் ஊறவைக்கும் தொட்டியில் முழங்கால் வரை நிற்கிறவனும் அந்த ஊர்க்காரன்தான். பேச்சு யார் மேல் போய் விழுகிறது என்று பார்ப்பதும் அறத்தின் ஒரு பகுதி. கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரைத் தாண்டி ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். 2022 ஜூனில் நம் வேலூர் மாநகராட்சியில் ஒரு தெருவில், நின்றிருந்த இரு சக்கர வண்டியை நகர்த்தாமலே, சக்கரம் புதையும்படி சிமென்ட் சாலை போட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வண்டியும் சிமென்ட்டும் சேர்ந்தே குற்றத்தைச் சொல்லின. யார் முகமும் அதில் இல்லை. எடுத்தவர் செய்த நல்ல காரியம் அது. வேலை எப்படி நடக்கிறது என்பதை ஊரே பார்த்தது. ஆனால் அதே படத்தை வைத்து 'இதில் இவ்வளவு லட்சம் அடித்தார்கள்' என்று சொன்னால் அது படத்தில் இல்லாத செய்தி. மேற்பார்வை இல்லை என்பதற்கு அது சாட்சி. பணம் போனதற்கு வேறு சாட்சி வேண்டும். நீங்கள் ஏரியைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் நான் பாராட்டியிருப்பேன். செயலரின் முகம் எதை நிரூபிக்கிறது?

ஆள் படத்தைவிடவும் ஆபத்தானது பயனாளிகள் பட்டியல். நூறு நாள் வேலையில் போலிப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டியல் வாங்குவார்கள். அதில் வேலை அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சில சமயம் தொலைபேசி எண்ணும் இருக்கும். தாளை அப்படியே படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள். மாட்ட வேண்டியவர் ஒருவர். வெளியே வந்து நிற்பது நூறு ஏழைப் பெண்களின் கணக்கு எண். கணவன் இறந்து உதவித்தொகை வாங்கும் ஒருத்தியின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, 'இவளுக்கு எப்படிக் கிடைத்தது' என்று கேட்ட பதிவை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தகுதி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒப்புதல் அளித்த அலுவலர், அவள் அல்ல.

இதில் இன்னொரு கவலை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு தனிப்பட்ட தகவல் என்றாலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரு வார்த்தையில் மறுத்துவிடலாம். 8(2)-ல் பொதுநலன் விதி இன்னும் இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் வாதாட வேண்டும். ஒப்பந்ததாரரின் பெயரையே தனிப்பட்ட தகவல் என்று மறுக்கும் நாள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், வாங்கிய தகவலை நாமே கண்டபடி பரப்பி, 'பாருங்கள், இதற்குத்தான் தர வேண்டாம் என்றோம்' என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

பேசுகிறவருக்கு அதில் என்ன பங்கு என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மனுவில் காரணம் சொல்ல வேண்டாம் என்று சட்டம் சொல்வது சரி. காரணம் கேட்க ஆரம்பித்தால் ஒரு தகவலும் வெளியே வராது. ஆனால் ஊர் முன்னால் வந்து ஒருவர் மேல் குற்றம் சொல்லும்போது நிலைமை வேறு. அந்த ஒப்பந்தத்துக்கு உங்கள் மாமாவும் விலைப்புள்ளி போட்டிருந்தாரா? அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தாலும் நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தோற்ற ஒப்பந்ததாரர் சொன்ன தகவலால் பிடிபட்ட ஊழல் எத்தனையோ. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் யாரும் தோண்டி எடுத்து உங்கள் முகத்தில் வீச முடியாது. உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாததால் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் பேசுகிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஊர் மானம் போகிறது, வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்' என்று அவர்கள் சொன்னால் அதைக் கேட்காதீர்கள். மனு கொடுத்த அன்று மாலைக்குள் மனுதாரர் பெயர் ஒப்பந்ததாரர் காதுக்குப் போவதும், இரவில் நாலு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பதும் எனக்குத் தெரிந்து பலமுறை நடந்திருக்கிறது. மனுதாரரின் பெயரை வெளியே சொன்ன அலுவலரும் அறம் தவறியவர்தான், உங்களைவிட அதிகமாக. நீங்கள் சொன்ன ஒரு தவறான வார்த்தையையும் அவர்கள் தராத ஒரு தாளையும் தராசின் இரண்டு தட்டில் சமமாக வைக்க நான் ஒப்ப மாட்டேன். அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, பூட்டு இருக்கிறது. உங்களிடம் இருப்பது சொல் ஒன்றுதான். அது பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்வதும் அதனால்தான்.

இனி செய்ய வேண்டியது. அந்தப் பதிவை எடுத்துவிட்டு, அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்கும்படி, வேறொன்று எழுதுங்கள். இப்படி எழுதலாம்: "ஏரி தூர்வாரிய பணிக்கு மதிப்பீடு, ரசீது, அளவுப் புத்தகம் மூன்றையும் இன்ன தேதியில் கேட்டேன். இன்ன தேதியில் முதல் இரண்டு வந்தன. மூன்றாவது வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. அளவுப் புத்தகம் இல்லாமல் எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. செயலர் பணம் எடுத்தார் என்று நான் எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதையும் அவர் படத்தையும் நீக்கிவிட்டேன், வருந்துகிறேன். பதில் வந்தால் அதையும் இங்கேயே போடுவேன்." வந்த தாள்களையும் முழுதாகப் போடுங்கள், உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் போடாதீர்கள். கணக்கு எண்கள் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

பதில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள். கூடவே, நகல் கேட்பதோடு நிற்காமல், பதிவேடுகளை நேரில் பார்வையிட வேண்டும் என்று தனி மனு கொடுங்கள். 2(j) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நேரில் பார்த்தால் நகலில் தெரியாதது தெரியும்: அடித்தல் திருத்தல், மை மாறியிருப்பது, மொத்தப் புத்தகமும் ஒரே நாளில் ஒரே பேனாவால் எழுதப்பட்டது மாதிரி இருப்பது. அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மீட்டரில் இருக்கும், பெருக்கினால் கனமீட்டர். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 1,000 கனமீட்டர் மண். பட்டியலில் எத்தனை கனமீட்டருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று அதோடு ஒத்துப் பாருங்கள்.

பிறகு ஏரிக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். ஆயக்கட்டு விவசாயிகள் இரண்டு பேரையும், முடிந்தால் செயலரையும் கூப்பிடுங்கள். வர மாட்டேன் என்றால் கூப்பிட்டதையும் வராததையும் எழுதி வையுங்கள். மண் வேலையில் தோண்டாமல் அங்கங்கே சிறு திட்டு விட்டுவைப்பது வழக்கம், எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று பிறகு வருகிறவர் அளந்து பார்ப்பதற்காக. அந்தத் திட்டுகள் இருக்கின்றனவா, கரைத்துவிட்டார்களா என்று பாருங்கள். வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அந்தப் பள்ளத்தையும் விசாரியுங்கள். அதை ஒப்பந்தக் கணக்கில் காட்டியிருக்கவும் கூடும், நீங்கள் ஒப்பந்தப் பள்ளத்தை விவசாயிகள் எடுத்தது என்று தவறாக நினைக்கவும் கூடும். எந்த வயலுக்கு எத்தனை டிராக்டர் போனது என்று ஊரில் யாருக்காவது கட்டாயம் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 2-ல் கிராம சபை வருகிறது. அளந்ததையும் ஒத்துப் பார்த்ததையும் அங்கே எழுந்து படியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். அதற்குள் அளந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து ஏரியில் இரண்டடி தண்ணீர் நின்றாலும் போதும், அதற்குப் பிறகு அடுத்த கோடை வரை அந்தத் திட்டுகளை யாரும் பார்க்க முடியாது.